வந்த வாடிக்கையாளரைத் துரத்தாத வெப்சைட்: சேலம், ஏற்காடு வியாபாரிகளுக்கு ஒரு செய்முறை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடைக்கு ஒருவர் வந்தால், உட்காரச் சொல்லித் தட்டை எடுத்து முன்னால் வைப்பார்கள். வாசலிலேயே மறித்து போன் நம்பர் கேட்க மாட்டார்கள். அதே கடையின் வெப்சைட்டைத் திறந்தால் முதல் திரையில் வருவது நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும் பெட்டி, அதன் மேல் இமெயில் கேட்கும் இன்னொரு பெட்டி, ஓரத்தில் துள்ளும் சாட் பொம்மை. கொலுசைப் பார்ப்பதற்குள் மூன்று முறை பெருக்கல் குறியைத் தேடி அழுத்த வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் அதற்குள் பின்னால் போய்விடுவார்கள்.

வருகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பொருளும் அவரைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. பதிலை முதலில் கொடுங்கள், உங்களுக்கு வேண்டியதைப் பிறகு கேளுங்கள். கீழே உள்ள வேலைகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்காகத்தான்.

முதலில் கேள்விகளை எழுதுங்கள்

டிசைனரைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாகப் பேசிய நாற்பது புதிய வாடிக்கையாளர்கள் முதலில் கேட்ட கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். போனில் வந்த கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தால் ஐந்தாறு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அந்த ஐந்தாறுக்கும் பதில், பொருளின் படத்துக்கு நேர் கீழே, விரலால் ஒரு முறை தள்ளுவதற்குள் தெரிய வேண்டும்.

கொலுசு என்றால் கேள்விகள் இப்படி இருக்கும்: ஜோடி எத்தனை கிராம், எத்தனை இன்ச், டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சலங்கை மணி உண்டா, பழசைத் திருப்பிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பீர்கள். ஆன்லைன் கொலுசு வியாபாரத்தில் அதிகம் தகராறு வருவது இன்ச்சில்தான். அளவு கொக்கியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதாத தளங்களே அதிகம். எழுதுங்கள். கூடவே ஒரு படம் போட்டு, கொலுசு நிற்க வேண்டிய இடத்தில் நூலைச் சுற்றி அளந்து, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, தளர்வுக்கு அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை கூட்டச் சொல்லுங்கள். மாற்றித் தரச் சொல்லி வரும் பார்சல் குறையும்.

இளம்பிள்ளைச் சேலை என்றால் நீளம், ரன்னிங் பிளவுஸா காண்ட்ராஸ்ட் பிளவுஸா, துணி எந்த நூல், முந்தானை எப்படி இருக்கும், துவைத்தால் சாயம் போகுமா. சேலை 5.5 மீட்டர், பிளவுஸ் 0.8 மீட்டர் என்றால் 6.3 மீட்டர் என்று மட்டும் போடாமல் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். பாலியஸ்டர் கலந்த துணியை ‘சாஃப்ட் சில்க்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பட்டு என்று நினைத்து வாங்கியவர் சேலையைக் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார். நிறம் மாறித் தெரிவதற்கும் எளிய வழி இருக்கிறது. டியூப்லைட்டில் எடுக்காமல், நிழலான பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை திருத்தினால் சேலையின் நிறமும் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ஜவ்வரிசி விற்பவருக்கு: நைலானா மாவு ஜவ்வரிசியா, எது வடாமுக்கு, எது பாயசத்துக்கு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும். ஏற்காட்டுக் காபிப் பொடி விற்பவருக்கு: சிக்கரி எத்தனை சதவீதம், என்றைக்கு வறுத்தது, ஃபில்டருக்கு ஏற்ற அரைப்பா. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், கலவையின் விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் இருப்பதைத் தளத்தில் மறைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

விலையைச் சொல்லுங்கள்

‘விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்’ என்ற வரிதான் நம் ஊர்த் தளங்களில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பும் வரி. போட்டிக் கடைக்காரர் விலையைப் பார்த்துவிடுவார் என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். அவர் விலை போட்ட அடுத்த தளத்துக்குப் போகிறார்.

மொத்த வியாபாரிகளுக்கு உண்மையான ஒரு சிக்கல் உண்டு. உங்களிடம் எடுத்து விற்கும் சில்லறைக் கடைக்காரர், மொத்த விலை ஊருக்கெல்லாம் தெரிவதை விரும்ப மாட்டார். அது நியாயம். அப்படியானால் சில்லறை விலையை வெளியில் போடுங்கள். மொத்த விலைக்குக் குறைந்தபட்சம் எத்தனை உருப்படி எடுக்க வேண்டும், செட்டில் எத்தனை நிறம் வரும், கலந்து எடுக்கலாமா, எந்தப் பார்சல் சர்வீஸில் போடுவீர்கள் என்பதை எல்லாம் வெளிப்படையாக எழுதி, விலைப் பட்டியலை மட்டும் கேட்டவருக்கு அனுப்புங்கள்.

வெள்ளிக்கு விலை தினம் மாறுகிறதே என்பார்கள். மாறட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலையை அடிக்காமல், எடையையும் கிராமுக்கான செய்கூலியையும் மட்டும் பதிந்து வையுங்கள். அன்றைய கிராம் விலையை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பொருளின் விலையும் தானாகக் கணக்காகும்படி செய்யச் சொல்லுங்கள். தளம் செய்து தருகிறவருக்கு இது கடினமான வேலை இல்லை. கணக்கை அப்படியே காட்டவும் செய்யுங்கள். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 80 கிராம் ஜோடிக்கு வெள்ளி 8,000, செய்கூலி கிராமுக்கு 12 வீதம் 960, ஆக 8,960, அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 268.80, மொத்தம் 9,228.80. பக்கத்தில் ‘இன்று காலை 10 மணி விலை, இன்று இரவு வரை செல்லும்’ என்று தேதியோடு போடுங்கள். தேதி இல்லாத விலையை யாரும் நம்புவதில்லை. மூன்று வாரம் முந்தைய தேதி இருந்தால் இன்னும் மோசம், கடை மூடிவிட்டது என்றே நினைப்பார்கள்.

கூரியர் செலவையும் பொருளின் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்கோடு போட்டதும் செலவும், போய்ச் சேரும் நாளும் தெரிய வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால், தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, பெங்களூருக்கு இவ்வளவு, மற்ற மாநிலங்களுக்கு இவ்வளவு என்று ஒரு வரி போதும். 799 ரூபாய்ச் சேலை என்று காட்டிவிட்டு, பணம் கட்டும் திரையில் கூரியர் 90, பேக்கிங் 30, ‘பிளாட்ஃபார்ம்’ 20 என்று ஏற்றினால் அந்த இடத்தோடு ஆள் போய்விடுவார். இது சட்டத்துக்கும் விரோதம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகையான ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. விலையைத் துளித்துளியாக ஏற்றுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைக்கும் பட்டன் எழுத்து ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. உண்மையிலேயே இரண்டுதான் இருக்கிறது என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள்.

மாம்பழம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீசன் முடிந்த பிறகும் மல்கோவா பக்கத்தில் ‘வாங்க’ பட்டனை விட்டுவைத்து, அழுத்திய பிறகு ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டாதீர்கள். பக்கத்தை அழிக்கவும் வேண்டாம், கூகுளில் அதற்குக் கிடைத்த இடம் போய்விடும். அடுத்த சீசன் எந்த மாதம் தொடங்கும், பெட்டி எத்தனை கிலோவில் வரும், பழம் காயாக வருமா கனிந்து வருமா என்று எழுதி, ‘வந்ததும் சொல்லுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் இணைப்பை மட்டும் வையுங்கள்.

ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

இவர்களுக்குத் தனியாகச் சொல்லக் காரணம், வருகிறவர் பல நேரம் தளத்தைத் திறப்பது மலையேறும் வழியில். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. வழியில் சிக்னல் வரும், போகும். அப்போது அவருக்கு வேண்டியது போன் நம்பரும் வழியும்தான். அவை இரண்டும் எல்லாப் பக்கத்திலும், படங்களுக்கு முன்னால், வெறும் எழுத்தாக வந்துவிட வேண்டும்.

வழியை எழுத்தில் எழுதுங்கள். எந்த இடத்தில் திரும்ப வேண்டும், அங்கே என்ன அடையாளம், அடிவாரம் வழியா குப்பனூர் வழியா. மேப் குறியை எஸ்டேட்டின் நடுவில் வைக்காமல், கார் நிற்கும் கேட்டில் வையுங்கள். நடுவில் வைத்தால் மேப், ஜீப் மட்டும் போகும் தோட்டப் பாதையில் காரை இழுத்துவிடும். கடைசித் தூரம் எப்படி இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: ‘கடைசி 800 மீட்டர் மண் பாதை, சின்னக் காரும் ஏறும், கனமழை நாளில் எங்கள் ஜீப் வந்து கூட்டிப்போகும்.’ இப்படி எழுதினால் சிலர் வேறு இடம் பார்ப்பார்கள். அவர்கள் வந்திருந்தால் ஒற்றை நட்சத்திர ரிவ்யூ எழுதியிருப்பார்கள், அதனால் நஷ்டமில்லை. எந்த சிம்முக்கு சிக்னல் எடுக்கும், வைஃபை வீடியோ காலுக்குத் தாங்குமா, வெந்நீர் எந்த நேரம், இரவு கரண்ட் போனால் ஜெனரேட்டரா இன்வெர்ட்டரா என்பதையும் எழுதுங்கள்.

வாடகையைக் கூட்டித் தொகையாகக் காட்டுங்கள். இரண்டு பேர், ஒரு இரவு, வரியோடு இவ்வளவு. கூடுதல் ஆளுக்கு, குழந்தைக்கு, கேம்ப்ஃபயருக்கு எவ்வளவு என்பதும் அங்கேயே. மே மாதக் கோடை விழா வாரத்துக்கும் சனி, ஞாயிறுக்கும் வேறு வாடகை என்றால் முன்கூட்டியே தெரியட்டும். பெரிய புக்கிங் தளங்களிலும் அறையைப் போட்டிருந்தால் காலண்டரை இணைத்து வைத்திருப்பீர்கள். அந்த இணைப்பு பல நேரம் உடனுக்குடன் மாறாது, சில மணி நேரம்கூடத் தாமதிக்கலாம். கூட்டம் உள்ள நாட்களில் இரட்டை புக்கிங் வருவது இதனால்தான். அந்த நாட்களை ஒரு இடத்தில் மட்டும் திறந்து வையுங்கள், மற்ற இடங்களில் கையால் மூடுங்கள்.

பக்கத்தின் எடையைக் குறையுங்கள்

கூகுளின் லைட்ஹவுஸ் சோதனை, மொபைலுக்கு விநாடிக்குச் சுமார் 1.6 மெகாபிட் வேகம் என்று வைத்துத்தான் தளத்தைச் சோதிக்கிறது. அதாவது விநாடிக்கு 200 கிலோபைட். 3 எம்பி உள்ள பக்கம் இறங்க 15 விநாடி ஆகும், 600 கிலோபைட் பக்கம் 3 விநாடியில் முடியும். சேலம் டவுனில் ஃபைவ்ஜியில் சோதித்துவிட்டு ‘எனக்கு வேகமாக வருகிறதே’ என்று சொல்லும் டிசைனரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பக்கத்தின் எடையில் பெரும்பகுதி படம்தான். போனில் எடுத்த படம் 4,000 பிக்சல் அகலத்தில் 3 முதல் 5 எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றுவதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு தளங்களின் நோய் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவியை பிரவுசரில் திறந்து, அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) வடிவத்தில், தரம் 75 என்று வைத்து இறக்குங்கள். பெரும்பாலும் 150 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். பட்டியலில் காட்டும் சின்னப் படத்துக்கு 400 பிக்சல் போதும், 30 கிலோபைட்டுக்குள் அடங்கும். கொலுசின் நுணுக்கமும் சரிகையின் இழையும் தெரிய வேண்டும் என்றால் முழுப் படத்தைக் கனமாக்க வேண்டாம். கிட்டத்தில் எடுத்த தனிப் படம் ஒன்றைச் சேர்த்து, தொட்டால் மட்டும் இறங்கும்படி வையுங்கள்.

முதல் திரையில் தெரியும் படத்தைத் தவிர மற்றவை, கீழே தள்ளும்போது இறங்கட்டும். முதல் படத்துக்கும் அந்தத் தாமதத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை, அதனால் பக்கம் இன்னும் மெதுவாகத்தான் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்து கீழே நகரும், ‘அழைக்க’ பட்டனைத் தொடப் போனவர் வேறு எதையோ தொட்டுவிடுவார்.

ஐந்து படம் தானாக ஓடும் ஸ்லைடரை எடுத்துவிட்டு நல்ல படம் ஒன்றை வையுங்கள். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, ஆனால் ஐந்தும் இறங்குகின்றன. யூடியூப் வீடியோவுக்குப் பதில் அதன் படத்தை வைத்து, தொட்டதும் வீடியோ வரும்படி செய்யலாம். மேப்புக்கும் அப்படியே. சாட் பெட்டி, ஃபேஸ்புக் பட்டை, இன்ஸ்டாகிராம் வரிசை எல்லாம் வெளித்தளங்களிலிருந்து நிரலை இழுத்து வருகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அதன் வழியாக ஓர் ஆர்டர்கூட வந்ததில்லை என்றால் திரும்பப் போட வேண்டாம்.

பின்னணி இசை, தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோ இரண்டும் வேண்டவே வேண்டாம். 2018 முதல் குரோம் அதைத் தடுத்தும் வருகிறது.

எப்போது கேட்கலாம்

போன் நம்பர், இமெயில், ரிவ்யூ எல்லாம் உங்களுக்குத் தேவைதான். கேட்கும் நேரம்தான் முக்கியம். ஆர்டர் முடிந்த திரையில் ‘புது டிசைன் வந்தால் வாட்ஸ்அப்பில் சொல்லட்டுமா?’ என்று கேட்டால் மனம் விரும்பிச் சம்மதிப்பார்கள், ஏனென்றால் அப்போது உங்களிடமிருந்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சம்மதத்துக்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். பொருள் வாங்குவதற்கான ஒப்புதலையே அப்படிப் பதிவுசெய்ய 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விடுவதில்லை. திரை முழுவதையும் மறைக்கும் பெட்டிகளால் கூகுளிலும் இடம் குறையும். மொபைலில் அப்படி மறைக்கும் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதை 2017 ஜனவரியிலேயே கூகுள் தொடங்கிவிட்டது.

தள்ளுபடி அறிவிப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே மெல்லிய பட்டையாக, ஒரே வரியில் போடுங்கள். மூடிவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு மறுபடி வரக் கூடாது. பெருக்கல் குறி விரலால் தொடும் அளவுக்குப் பெரிதாக, 48 பிக்சல் அளவில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பட்டனைச் சரியாக அமைத்தால் வேறு சாட் தேவையில்லை. இணைப்பில் நம்பருக்கு முன் 91 சேர்க்க வேண்டும். கூட்டல் குறியோ, பூஜ்யமோ, இடைவெளியோ இருக்கக் கூடாது. பொருளின் பெயரும் குறியீட்டு எண்ணும் செய்தியில் தானாக நிரம்பி வரும்படி செய்யுங்கள். ‘எந்தச் சேலை மேடம்?’ என்று நீங்கள் கேட்பதும், அவர் ஸ்கிரீன்ஷாட் தேடுவதும் மிச்சம். பதில் சொல்லும் நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

தமிழில் போடும்போது

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டிசைனர் செய்த நோட்டீஸைப் படமாக ஏற்றுவது இன்னும் நடக்கிறது. படத்தில் உள்ள எழுத்து, தேடலில் கிடைப்பதை நம்ப முடியாது, போன் திரையில் படிக்கவும் முடியாது. பாமினியில் தட்டியதை எழுத்தாகவே ஒட்டினால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், கூகுளுக்கு அது குப்பை. யூனிகோடில் மாற்றியே போடுங்கள். எழுத்துரு இறக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும், விண்டோஸில் நிர்மலாவும், ஐபோனில் தமிழ் சங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அழகுக்குத் தனி எழுத்துரு வேண்டும் என்றால் தலைப்புக்கு மட்டும் ஒன்று.

எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விடுங்கள், எழுத்தளவைப்போல 1.6 மடங்கு வரி உயரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘கி’யின் மேல்வளைவும் மேல்வரி ‘ழு’வின் வாலும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்காக வெட்டிய பட்டனில் தமிழ்ச் சொல் இரண்டு வரியாக உடையும். ‘கூடையில் சேர்க்கவும்’ என்பதைவிட ‘வாங்க’ நன்றாக உட்காரும். மொழி மாற்றும் பட்டன், பார்த்துக்கொண்டிருந்த அதே பொருளின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். முகப்புக்கு அனுப்பினால் மறுபடி தேட யாருக்கும் பொறுமை கிடையாது. மெஷின் மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்க்காமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். விலையும் திருப்பி எடுக்கும் விதியும் தப்பாக மாறினால் பிறகு வாக்குவாதம்தான்.

பணம் கட்டும் திரை

கணக்கு தொடங்கச் சொல்லாமல் வாங்க விடுங்கள். பெயருக்கு ஒரே கட்டம். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கினால், இனிஷியல் மட்டும் உள்ள நம் ஆட்கள் புள்ளி வைத்துப் பார்த்து, தப்பு என்று சிவப்பில் வந்து, விட்டுவிட்டுப் போவார்கள். போன் கட்டத்தைத் தொட்டால் எண் கீபோர்டு வர வேண்டும். பின்கோடை முதலில் கேட்டால் ஊரும் மாவட்டமும் தானாக நிரம்பிவிடும். முகவரியில் ‘அருகில் உள்ள அடையாளம்’ ஒரு கட்டம் கூரியர்காரருக்கு உதவும். பிறந்த தேதி, பாலினம் போன்றவை எதற்கு? வாங்காத தகவலைக் காக்கும் பொறுப்பும் உங்களுக்கு இல்லை.

மொபைலில் யுபிஐ க்யூஆர் கோடு காட்டுவதால் பயனில்லை. திரையில் உள்ள க்யூஆரை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது? ஜிபே, போன்பே, பேடிஎம் ஆப்பை நேரடியாகத் திறக்கும் பட்டன் வேண்டும், க்யூஆர் கம்ப்யூட்டர் திரைக்கு மட்டும்.

அடுத்து வருவது பலருக்குத் தெரியாத ஓட்டை. வாடிக்கையாளர் யுபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டு, உங்கள் தளத்துக்குத் திரும்பாமல் போனை வைத்துவிடுவார், அல்லது சிக்னல் போய்விடும். பணம் வந்திருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். பேமென்ட் கேட்வே (ஆன்லைன் பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் சேவை), உங்கள் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் வெப்ஹுக் என்ற வசதியை இயக்கி, ஆர்டரை அதைக் கொண்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். சோதிக்கும் முறை எளிது. ஒரு ரூபாய்க்குப் பொருள் ஒன்றைப் போட்டு, பணம் கட்டியதும் பிரவுசரை மூடிவிடுங்கள். ஆர்டர் உங்கள் பட்டியலில் வந்து, உறுதிச் செய்தியும் போனுக்கு வந்தால் சரியாக இருக்கிறது. பணம் போகாமல் தடைபட்டால் கூடை காலியாகக் கூடாது, இதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

யார் நீங்கள் என்பது

கடையின் முழு முகவரி, ஜிஎஸ்டி எண், போனில் எடுத்த கடையின் உண்மையான படம் ஆகியவை பக்கத்தின் அடியில் இருக்கட்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவு உரிம எண். புகார் கேட்பவரின் பெயரும் தொடர்பும் கட்டாயம். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் மின்வணிக விதிகள் கேட்கின்றன. திருப்பி எடுக்கும் விதியை வேறு தளத்திலிருந்து நகல் எடுக்காமல் உங்கள் வழக்கத்தை எழுதுங்கள்: எத்தனை நாளுக்குள், கூரியர் செலவு யாருடையது, பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டுமா, பணமா மாற்றுப் பொருளா. டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரிலும் உங்கள் இமெயிலிலும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள். டிசைனர் பெயரில் இருந்தால், அவர் புதுப்பிக்க மறந்த நாளில் உங்கள் கடைக்குக் கதவே இருக்காது.

சரிபார்க்கும் முறை

கூகுளின் இலவச வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகப்பை மட்டும் போடாமல் ஒரு பொருளின் பக்கத்தையும் போட்டுப் பாருங்கள், வாடிக்கையாளர் கூகுளிலிருந்து இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் திரை அசைய வேண்டும். படம் வந்து விழும்போது பக்கம் நகரும் அளவு (அங்கே CLS என்று வரும்) 0.1க்குள் இருக்க வேண்டும். கூகுள் வைத்திருக்கும் எல்லைகள் இவை. மதிப்பெண் நூறு எடுக்க வேண்டும் என்று பணம் கொட்டாதீர்கள், இந்த மூன்று எல்லைக்குள் வந்தால் போதும்.

பிறகு, எட்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை, உங்கள் தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். உறவினராக இருந்தாலும் சரி, கடைக்கு வேலைக்கு வந்த புதுப் பையனாக இருந்தாலும் சரி. மூன்று வேலை சொல்லுங்கள்: 70 கிராமுக்குள் ஒரு கொலுசு பார்த்து வரியோடு முழு விலை சொல்லணும், ஈரோட்டுக்குக் கூரியர் எவ்வளவு என்று சொல்லணும், கடைக்குப் போன் போடணும். அவர் தடுமாறும்போது ‘மேலே பாருப்பா’ என்று வாயைத் திறக்காதீர்கள். எங்கே விரல் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் செய்தால் திருத்த வேண்டிய இடங்கள் கையில் வந்துவிடும்.

திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பேஜ்ஸ்பீட் காட்டும் உண்மைப் பயனர் அளவீடு கடந்த 28 நாள் கணக்கு, அதனால் இன்று திருத்தியதன் முழுப் பலன் நான்கு வாரம் கழித்துத்தான் அங்கே தெரியும். வருகை குறைவான தளங்களுக்கு அந்தப் பகுதி காலியாகவே இருக்கும். அப்போது சோதனை அளவீட்டையும், ‘விலை என்ன’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் குறைந்து ‘இதை அனுப்புங்கள்’ என்று வருபவை கூடுகின்றனவா என்பதையும் பாருங்கள்.